பழைய பிக்கப்: சாயம் பூசும் முன் ஒயரைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் புந்தோங்கைச் சேர்ந்த வாகன ஒயரிங் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எங்கள் புந்தோங் என்றால் பலருக்கும் கச்சாங் பூத்தே நினைவுக்கு வரும். அந்தப் பொட்டலங்களும் காய்கறி மூட்டைகளும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் பழைய வேன்களுக்கும் பிக்கப்களுக்கும் பெரிய பங்கு உண்டு. டட்சன், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு, மஸ்டா, மிட்சுபிஷி என்று எத்தனையோ வண்டிகள். ஹைலக்ஸ் முதன்முதலில் வெளிவந்தது 1968இல். டட்சன் 620 வந்தது 1972இல். இவை தோட்டத்துச் செம்மண் பாதையிலும் ஓடின, பட்டணத்து மார்க்கெட்டிலும் நின்றன. இன்று அவற்றில் பல வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் கிடக்கின்றன.

அண்மைக் காலமாக நம் இளைஞர்கள் இவற்றைத் தேடி எடுத்து மீண்டும் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால், பெரும்பாலோர் முதலில் போவது சாயம் பூசும் கடைக்கு. கடைசியில்தான் ஒயரிங் கடைக்கு வருகிறார்கள். இந்த வரிசை ஏன் தவறு, அதனால் என்ன ஆபத்து என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்பாவின் டட்சன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி டட்சன் 620 ஒன்றை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா அதிகாலையில் ஈப்போ மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செம்மோர், சுங்கை சிப்புட் பக்கமுள்ள தோட்டங்களில் கொண்டுபோய் விற்றவர். அவர் காலமான பிறகு வண்டி 6 ஆண்டுகள் அசையாமல் கிடந்திருக்கிறது. தம்பிக்குத் தொழிற்சாலையில் வேலை. மனைவி வீட்டில் முறுக்கும் பலகாரமும் செய்கிறார். இந்த வண்டி ஓடினால் வார இறுதியில் கடைகளுக்குப் போடலாம் என்பது அவர்கள் கணக்கு.

"அண்ணே, ஸ்டார்ட் ஆகிற மாதிரி செஞ்சு கொடுங்க. சாயம் அடிச்சிட்டு மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

நானும் அன்று வேலை நெருக்கடியில் இருந்தேன். பழைய பேட்டரி செத்திருந்தது. புதிய பேட்டரி போட்டேன். எஞ்சின் பிடித்தது. வேறு எதையும் அளந்து பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அதுதான் என் தவறு.

நான்காவது நாள் பேட்டரி இறங்கிவிட்டது என்று போன் செய்தார். சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். அன்று இரவு அவர் விளக்குப் போட்டுக்கொண்டு சிலிபின் பக்கம் வந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியிருக்கிறது. பக்கத்து இருக்கையில் ஐந்து வயது மகன். சாவியைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, அப்பா எப்போதும் இருக்கைக்கு அடியில் வைத்திருந்த 10 நம்பர் ஸ்பானரை எடுத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். அதன் பிறகே புகை அடங்கியது.

பேட்டரியை மாற்றிய கையோடு பியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

சாவியை நிறுத்தியும் புகை ஏன் நிற்கவில்லை? வண்டியை நிறுத்திய பிறகும் சிறு விளக்கு எரிய வேண்டும் என்பதால் பல வண்டிகளில் அந்த விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் சாவி வழியாகப் போவதில்லை. பேட்டரியிலிருந்து பியூஸ், விளக்கு சுவிட்ச் என்று நேராகப் போகும். அவர் பதற்றத்தில் விளக்கு சுவிட்சை மறந்துவிட்டார். யாராக இருந்தாலும் மறப்போம்.

பியூஸ் எதைக் காக்கிறது?

மறுநாள் பியூஸ் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கால வண்டிகளில் கண்ணாடிக் குழாய் பியூஸ் இருக்கும். பின்விளக்குக்கான பியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்! என்றைக்கோ ஒருநாள் பியூஸ் அறுந்திருக்கிறது. மாற்றப் புதியது கிடைக்காமல் யாரோ தாளைச் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். அது அப்படியே நின்றுவிட்டது.

பியூஸ் விளக்கைக் காப்பாற்றுகிறது, ரேடியோவைக் காப்பாற்றுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பது ஒயரைத்தான். ஒவ்வோர் ஒயருக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. அதில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒயரின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுவிட்டால், பேட்டரி கொடுக்கக்கூடிய அத்தனை மின்சாரமும் அந்த வழியாகப் பாயும். சில விநாடிகளில் ஒயர் பழுக்கக் காய்ந்து, அடுத்திருக்கும் ஒயர்களின் தோலையும் உருக்கும். அதற்கு முன்பே அறுந்துபோவதற்காகத்தான் பியூஸ் இருக்கிறது. நாம் அதன் கையைக் கட்டிப்போட்டால் ஒயரே பியூஸாக மாறி எரியும்.

ஆகவே, பியூஸ் அறுந்தால் அதே அளவு பியூஸைத்தான் போட வேண்டும். இப்போதைய தட்டை பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும். 10 ஆம்ப் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. புதிய பியூஸும் உடனே அறுந்தால், 'பெரிய பியூஸ் போடு' என்று அது சொல்லவில்லை; 'எங்கோ ஒயர் இரும்பைத் தொடுகிறது, தேடிப் பார்' என்று சொல்கிறது. இந்த வண்டியில், பின் தொட்டிக்குப் போகும் ஒயர் சட்டத்தின் துளை வழியாக நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இற்று விழுந்திருந்தது. தகட்டின் விளிம்பு ஆண்டுக்கணக்கில் ஒயரை அறுத்திருந்தது. சில காசு விலையுள்ள ஒரு ரப்பர் வளையத்தால் வந்த வினை.

பேட்டரியைக் குடித்தது எது?

அடுத்த கேள்வி, புதிய பேட்டரி ஏன் நான்கு நாளில் இறங்கியது? இதற்கு ஊகம் தேவையில்லை. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்.

நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓய்ந்து நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு, பேட்டரி கொதித்துவிடும்.

அடுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை ஆம்ப் அளவில் வைத்துப் பாருங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யக்கூடாது, பெரிய விளக்கும் போடக்கூடாது, மீட்டர் எரிந்துபோகும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் கடிகாரமும் ரேடியோவும் இழுப்பது மிகச் சொற்பம், 0.05 ஆம்புக்குள் இருக்க வேண்டும். அந்த டட்சனில் மீட்டர் 0.5 ஆம்ப் காட்டியது.

அரை ஆம்ப்தானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் போடுங்கள். 45 ஆம்ப்-மணி பேட்டரியை 0.5 ஆம்ப் 90 மணி நேரத்தில் காலி செய்துவிடும். அதாவது நான்கு நாள்கூடத் தாங்காது. தம்பி போன் செய்தது சரியாக நான்காவது நாள்!

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எந்தப் பியூஸைக் கழற்றும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. ஆனால், எல்லாப் பியூஸையும் கழற்றிய பிறகும் 0.5 அப்படியே இருந்தது. அப்படியானால் பியூஸ் பெட்டிக்கே வராமல் ஏதோ ஒன்று நேரடியாகப் பேட்டரியில் தொங்குகிறது என்று அர்த்தம். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டேஷ்போர்டின் ஆழத்தில் எப்போதோ பொருத்தி, கெட்டுப்போன பிறகும் கழற்றாமல் விட்ட அலாரம் பெட்டி. அதை நீக்கியதும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது.

பழைய வண்டியில் நிறுவனம் போட்ட ஒயரைவிட, பிறகு வந்தவர்கள் சேர்த்த ஒயர்தான் அதிகத் தொல்லை. அலாரம், ரேடியோ, மூடுபனி விளக்கு, கூடுதல் ஹாரன் என்று ஆளுக்கொன்று சேர்த்திருப்பார்கள். முதல் வேலையாக இவற்றை அடையாளம் கண்டு நீக்குங்கள். பாதி நோய் அங்கேயே தீரும்.

திரும்பி வரும் பாதை

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வர வேண்டும். வீட்டில் அதற்கு இரண்டாவது ஒயர் இருக்கிறது. வாகனத்தில் பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்பே அந்த இரண்டாவது ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் உடம்போடும் எஞ்சினோடும் இணைந்திருக்கும். விளக்குகள் தங்கள் மின்சாரத்தை உடம்பில் விடும். இதைத்தான் 'எர்த்' என்கிறோம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஈப்போ மழையில் 40 ஆண்டுகள் நனைந்த இரும்பு. எர்த் ஒயரின் வளையம் திருகப்பட்ட இடத்தில் துரு. துரு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. சாயமும் கடத்தாது. எர்த் இடங்களைச் சுரண்டாமல் புதுச் சாயம் பூசி, அதன் மேலேயே வளையத்தைத் திருகினால் கதை முடிந்தது. சாயம் பூசி வந்த பிறகு விளக்குகள் கெட்டுப்போகும் வண்டிகளின் இரகசியம் பல நேரம் இதுதான்.

எர்த் கெட்டதற்குச் சில அடையாளங்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கும் மங்கலாக எரியும். சிக்னல் போட்டால் பின்விளக்கு சேர்ந்து துடிக்கும். ஒரு விளக்கு போட்டால் இன்னொன்று மங்கும். திரும்பிப் போகும் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கிறது. இதற்கு விளக்கை மாற்றிப் பயனில்லை.

இதையும் அளந்து பார்க்கலாம். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மற்றொன்றை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் அந்த இடத்தைக் கழற்றி, பளபளக்கும் வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

அந்த டட்சனில் பேட்டரி 12.4 வோல்ட் காட்டியபோது முன்விளக்கில் கிடைத்தது 10.8 தான். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். இங்கே அதற்கும் மேல். அந்தக் காலத்து வண்டியின் விளக்கே இப்படித்தான் என்று தம்பியின் அப்பா பல வருடம் மங்கிய வெளிச்சத்தில் தோட்டத்துப் பாதையில் ஓட்டியிருப்பார்.

எர்த்தைச் சுத்தம் செய்ததும் பாதி சரியானது. மீதிக்கு ரிலே போட்டேன். 55 வாட் விளக்கு ஒன்று 4.5 ஆம்புக்கு மேல் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 9 ஆம்பைத் தாண்டும். பல பழைய வண்டிகளில் இவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வருகிறது. சுவிட்ச் சூடேறித் தேய்கிறது. ரிலே போட்டால் சுவிட்ச் சிறு கட்டளையை மட்டும் கொடுக்கும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேக்கு வந்து நேராக விளக்குக்குப் போகும். ரிலேயின் காலில் 30 என்பது பேட்டரி பக்கம், 87 விளக்குப் பக்கம், 85, 86 கட்டளைப் பக்கம். பியூஸை மட்டும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தூரத்தில் வைத்தால் நடுவிலுள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

முழுவதும் மாற்றலாமா?

"ஒயர் முழுக்கப் பிடுங்கிட்டு புதுசா போடுங்க" என்று சிலர் சொல்வார்கள். எப்போதும் அது தேவையில்லை. ஒயரை இலேசாக மடித்துப் பாருங்கள். தோல் வெடித்தால் அந்தப் பகுதி போய்விட்டது. நுனியைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் நல்லது. பச்சை பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது. எஞ்சின் சூட்டில் இருந்த ஒயரும், எலி கடித்த ஒயரும், முன்னர் எரிந்த ஒயரும் கட்டாயம் மாற வேண்டும். நடுப்பகுதி பல நேரம் நன்றாகவே இருக்கும்.

மாற்றும்போது ஒரு பாதையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஒரு தாளில் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சாக்கு மூட்டையில் ஒயரைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு ஒயரை வண்டியில் போடாதீர்கள். அதன் உள்கம்பிகள் தடிப்பானவை, அதிர்வில் முறியும். வாகன ஒயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும். ஒட்டுப் போடும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் போதாது. நம் வெயிலில் டேப்பின் பசை உருகிவிடும். சரியான கருவியால் டெர்மினலை நசுக்கி, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போட்டு மூடுங்கள். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள்.

எந்த வேலைக்கும் முன் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி உடம்பைத் தொட்டதும் பொறி பறக்கும். வெல்டிங் செய்யும் முன் பேட்டரியைக் கழற்றுவதோடு ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

எது முதலில், எது கடைசியில்?

என் அனுபவத்தில் வரிசை இதுதான். முதலில் நிற்கும் சக்தி: பிரேக் குழாய், பம்ப், டயர். டயர் பூ நன்றாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இரண்டாவது எண்ணெய்க் குழாய்கள். காய்ந்து வெடித்த குழாயும் ஒயரின் பொறியும் சேர்ந்தால்தான் வண்டி சாம்பலாகிறது. மூன்றாவது ஒயரிங். நான்காவது சட்டத்திலும் தரைத்தகட்டிலும் உள்ள துரு. வெல்டிங் தீப்பொறி புது ஒயரைச் சுடும் என்பதால், அது தேவைப்படும் இடங்களை ஒயர் போடும் முன்பே முடித்துவிடுங்கள். கடைசியில்தான் சாயம்.

எஞ்சினை மாற்றினாலும் வண்டியின் நிறத்தை மாற்றினாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பல ஆண்டு சாலை வரி எடுக்காமல் கிடந்த வண்டியாக இருந்தால், பணத்தைப் போடும் முன் கிராண்டை எடுத்துக்கொண்டு இலாகாவுக்குப் போய், என்ன சோதனை, என்ன ஆவணம் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராண்ட் இறந்துபோனவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்ற வேலையை முதலில் தொடங்குங்கள். அதற்குக் காலம் பிடிக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

இக்காலக் கார்களில் கம்ப்யூட்டரை மாட்டினால் அது கோளாறு எண்ணைச் சொல்லும். அந்த எண் ஒரு பாதையைக் காட்டும். அறுந்தது ஒயரா, எர்த்தா, பொருளா என்பதை மனிதன்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். பழைய பிக்கப்பில் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். பேட்டரி, பியூஸ், சுவிட்ச், விளக்கு, எர்த் என்ற இந்த ஐந்தையும் புரிந்துகொண்டவனுக்குப் புதிய கார் பாதி புரிந்துவிடும். படிப்பில் பின்தங்கியவன் என்று ஒதுக்கப்படும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இந்தக் கை இருக்கிறது. ஒரு பழைய வண்டியும் ஒரு மீட்டரும் அவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம்.

அந்த டட்சன் மூன்று மாதத்தில் முடிந்தது. தம்பி ஞாயிறுதோறும் பட்டறைக்கு வந்து என்னோடு சேர்ந்து வேலை செய்தார். முன்விளக்கில் 12 வோல்ட் காட்டியபோது மீட்டரைப் பிடித்திருந்தது அவர்தான். பேட்டரிக்கும் சார்ஜுக்கும் நான் முதலில் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயம் இன்னும் பூசவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இப்போதைக்குப் பலகாரம் போய்ச் சேருகிறது.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பியூஸ் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளித்தாளோ கம்பித் துண்டோ இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு, சரியான பியூஸ் போடும் வரை வண்டியை எடுக்காதீர்கள். இன்னொன்று, இருக்கைக்கு அடியில் 10 நம்பர் ஸ்பானர் ஒன்றை வையுங்கள். அன்று ஒரு பிள்ளையும் ஒரு வண்டியும் தப்பியது அதனால்தான்.